அக்கரையில் கேட்ட ஹூ

ஆற்றின் வளைவுக்கு அப்பாலிருந்து பதில் வந்ததும் இவர், என் கணவர், பாறையில் உட்கார்ந்துவிட்டார். மழை தலையில் விழுந்து மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஆம்பளைக் குரல். சமீரதான். புள்ளையும் பக்கத்துல இருக்கும்" என்றார்.

நான் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து மறுபடியும் ஹூ என்று கூப்பிட்டேன். மறுபடியும் பதில் வந்தது. நீளமாக, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கியபடி.

அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தொடர் இடையில் நின்றுபோனதற்குக் காரணம் கேட்டு வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். மாத்தளை டவுனில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததையெல்லாம் எழுதுவதாகச் சொல்லித்தான் தொடங்கினேன். பாதி குடித்த இருமல் மருந்துப் போத்தலைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பெரியவரின் கதையோடு நின்றுவிட்டது. அவர் இன்னும் கவுண்டருக்கு முன்னால் போத்தலோடு நிற்கிறார். நிற்கட்டும். இதை எழுதாமல் என்னால் அவரிடம் திரும்பிப் போக முடியாது.

துணைக்குப் போனோம்

எங்களுக்கு ஒரே பிள்ளை. நிரோஷினி. வீட்டில் நிரோ. பல்கலைக்கழகத்தில் விலங்கியல், கடைசி வருடம். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஆற்று மீன்கள்.

ரத்தோட்டைக்கு மேலே ஏறி, காற்று அடிக்கும் ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு வரும். அதற்குள் தெல்கமு ஓயா என்ற ஆறு வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் காப்புக்காடு. வேறெங்கும் காணாத மீன்கள் அந்த ஆற்றில் இருக்கின்றன என்றாள். போய்ப் பார்த்தால் விரல் நீளம்கூட இல்லை. அவற்றைப் பிடித்து, அளந்து, படம் எடுத்து, திரும்ப அதே இடத்தில் விட வேண்டும். இதற்கா இவ்வளவு தூரம் என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள்.

மருந்துக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் என்னென்ன கெடுதல் எழுதியிருக்கிறது என்பதுதான் முதலில் ஞாபகம் வரும். நான் மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். சைக்கிள் என்றால் முழங்கால். நீச்சல் என்றால் காது. பரீட்சை என்றால் வயிறு. ஆறு என்றதும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் ஒவ்வொரு முறையும் நாங்களே வேனில் கூட்டிக்கொண்டு போனோம். என் கணவர் சேவியர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். அது பாடசாலை விடுமுறைக் காலம். வண்டி சும்மாதான் நின்றது.

"அம்மா, நீங்க வந்து நின்னா மீனெல்லாம் ஓடிடும்."

"நான் தண்ணிக்கிட்டயே வரமாட்டேன். மேல உக்காந்திருப்பேன்."

"மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பீங்க. அதுதான் மீனுக்குப் பயம்."

அன்று நிரோவோடு சமீரவும் வந்தான். அவளுடைய வகுப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து விவசாயியின் மகன். முதல் நாள் டவுனில் வேலையாக வந்து தங்கியவனை அலுவிகாரையில் எங்கள் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டோம். தமிழை நிரோவிடம் பழகியிருந்தான். அதனால் அவன் தமிழில் அவளுடைய இழுவை இருந்தது. வேனில் நான் கொண்டுவந்த பாண் துண்டுகளையும் கட்டைச் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டே, "ஆன்ட்டி, பயம் வேணாம். இந்த ஆறு எங்க வீட்டு ஆள். நீந்தப் பழக்கினதும் அதுதான், குடிக்கப் பழக்கினதும் அதுதான்" என்றான்.

"குடிக்கன்னா? தண்ணியா தம்பி?" என்று இவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"இப்போதைக்குத் தண்ணி, அங்கிள்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சம்பல் உறைப்பில் அவன் மூக்கு சிவந்திருந்தது. துடைத்துக்கொள்ள என் லேஞ்சியைக் கொடுத்தேன். கழுவித் தருகிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அப்பாவின் லொறி

அந்தப் பாதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அப்பா லொறி ஓட்டியவர். அப்போது அந்தக் காட்டுக்குள் ஏலம் பயிரிட்டார்கள். பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு, அடியில் உள்ள செடிகொடிகளை வெட்டி எடுத்துவிட்டு, ஏலம் நடுவார்கள். உலர்த்திய ஏலத்தை மூட்டை மூட்டையாக அப்பா மாத்தளைக்குக் கொண்டுவருவார். அவருடைய சட்டையைத் துவைத்தாலும் ஏல வாசனை போகாது. எனக்கு அது பிடிக்காது. இன்றும் பாயசத்தில் ஏலம் போடமாட்டேன்.

பிறகு காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏலம் நிறுத்தப்பட்டது. காடு திரும்ப வளர்ந்ததால்தான் ஆறு தெளிந்தது, மீன் பிழைத்தது என்று நிரோ சொல்வாள். அது உண்மைதான். ஏலம் உலர்த்திய கட்டடங்களின் சுவர்கள் பாசிக்கடியில் அங்கங்கே நிற்கின்றன. அப்பா அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. அதுவும் உண்மைதான்.

நான் சொல்ல வந்தது ஏலத்தைப் பற்றி இல்லை. ஹோர்னைப் பற்றி.

அந்த மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அப்பா நீளமாக ஹோர்ன் அடிப்பார். எதிரே வண்டி இருந்தால் அதுவும் அடிக்கும். உடனே அப்பா ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிடுவார். ஒருமுறை நான் முன்சீட்டில் இருந்து, யாருப்பா வர்றது என்று கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? யாரோ இருக்காங்க, அவ்வளவுதான். ஹோர்னுல பேரா எழுதியிருக்கு?"

எனக்கு அது அப்போது ஒரு பகிடி. அன்று ஆற்றங்கரையில் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

தண்ணீரின் நிறம்

பாலத்துக்குப் பக்கத்தில் காவல் குடில் ஒன்று இருக்கிறது. அன்று அங்கே இருந்தவர் குணபால. நடுவயதுக்காரர். சிங்களத்தில்தான் பேசினோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வலையும் வாளியுமாக ஆற்றோரமாக மேலே போனார்கள். வளைவு வரை நிரோவின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

எங்கள் தலைக்கு மேலே வெயில். துணி காயப்போடலாம். மேற்கே மலையுச்சியில் மட்டும் கறுத்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று குணபால சொன்னார். வெறும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கருப்பட்டித் துண்டு கடித்துக்கொண்டு குடித்தோம்.

முதலில் காய்ந்த இலைகள் வந்தன. பிறகு குச்சிகள். அடியில் கிடந்த கல் தெரியும்படி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், யாரோ பால் ஊற்றிக் கலக்கியதுபோல மங்கியது. தோண்டிய மண்ணின் வாசனை எழுந்தது. குணபால கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அது கையிலிருந்து விழுந்தது. விசிலை ஊதிக்கொண்டே ஓடினார்.

மலையில் பல லொறிகள் ஒன்றாக இறங்குவது போன்ற சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தண்ணீர் உயர்ந்தது என்று எழுதினால் போதாது. சற்று முன் பிள்ளைகள் நடந்துபோன பாதை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாக மாறியது. ஒரு முழு மரம், வேரில் மண்ணோடு, பாலத்தில் வந்து இடித்துத் திரும்பியது. அதற்குப் பிறகு மழை எங்களிடமும் வந்தது.

பெயர் சொல்லாமல்

கரைக்கு மேலே காட்டு வழியாக ஏறி, வேரைப் பிடித்துப் பிடித்து மேல்நோக்கிப் போனோம். குணபால முன்னால். நான் நடுவில். இவர் பின்னால். "நிரோ! நிரோ!" என்று நான் கத்தினேன்.

குணபால திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நம கியன்ன எபா, நோனா. ஹூ கியன்ன."

பேர் சொல்லாதீங்க, ஹூ சொல்லுங்க.

அந்தப் பக்கத்து ஆட்கள் காட்டுக்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹூ என்பார்கள். கேட்டவன் ஹூ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் உள்ளே இருப்பவை அதைப் பழகிக்கொள்ளுமாம். பிறகு வேறொரு திசையிலிருந்து அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுமாம். கூப்பிட்ட பக்கம் போகிறவன் தண்ணீருக்குள் போவானாம். அவர் இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வளைவில் ஹோர்ன் அடி என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். இப்படியான பேச்சுகளைக் கவுண்டரில் எத்தனையோ கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. பிள்ளை ஆற்றுக்குள் இருக்கிறாள். அவளுடைய பெயரை அந்தக் காட்டுக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

ஹூ என்று கூப்பிட்டோம். நான், குணபால, இவர், மாறி மாறி. ஆற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் தின்றது. பிறகு ஒரு உயரமான பாறைக்கு வந்தோம். அங்கே நின்று இவர் கூப்பிட்டபோதுதான் பதில் வந்தது. இந்த அத்தியாயத்தைத் தொடங்கிய இடம் அது.

அது எங்கள் கரையில் இல்லை. அக்கரையில், வளைவுக்கு அப்பால் எங்கேயோ. தண்ணீர் வந்தபோது அந்தப் பக்கம் ஏறியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தோம். இனிக் கடக்க முடியாது, தண்ணீர் வடியும்வரை அவர்கள் அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று குணபால சொன்னார். தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மேலே ஏறிப் போய், பிள்ளைகள் அக்கரையில் இருக்கிறார்கள், குரல் கேட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். ஆறு பெருகியதை அறிந்து கயிறோடு எங்கள் கரைக்குப் புறப்பட்டிருந்த மீட்பு ஆட்கள் அதைக் கேட்டு, அக்கரைக்குப் போகும் சுற்றுப்பாதைக்குத் திரும்பினார்கள்.

நாங்கள் பாறையில் இருந்தோம். கூப்பிட்டோம். பதில் வந்தது. இவர் என் தோளில் கையை வைத்து, "இனிமே ஒரு வருசத்துக்கு இந்த ஆத்துப் பக்கம் விடமாட்டேன்" என்றார். ஒரு வருடம் போதுமா என்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். சண்டை பிடிக்கும் அளவுக்கு எனக்கு மனம் லேசாக இருந்தது.

அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. நம்மைத் தேடி வருகிறார்கள் என்றேன்.

எதிர்க்கரையில் நின்றவர்

வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரத்தில் எதிர்க்கரை மேட்டின் புதர்கள் அசைந்தன. ஒருவர் வெளியே வந்தார். மழைக்குத் தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார். தூக்கிக் கட்டிய சாரம். காலில் சப்பாத்து இல்லை.

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் பார்த்தேன்.

அங்கேயும் யாரும் இல்லை. இங்கேயும் யாரும் இல்லை. நடுவில் ஆறு போய்க்கொண்டிருந்தது.

குணபாலவுக்கு அவரைத் தெரிந்திருந்தது. சமீரவின் அப்பா, சுமனபால. ஆறு பெருகியது தெரிந்ததும் வயலிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். அவரும் பெயர் சொல்லவில்லை. ஹூ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். என் கணவருடைய குரல் பதிலாகப் போயிருக்கிறது. மகன் எதிர்க்கரையில் பத்திரமாக இருக்கிறான் என்று நம்பி, அந்தக் குரலை நோக்கி நடந்து வந்திருக்கிறார்.

அவரவர் பிள்ளை என்று நினைத்து, பிற்பகல் முழுவதும் நாங்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பாறையில் நின்று நான் "நிரோ" என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தால், இது வேறு யாரோ ஒரு தாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் "சமீர" என்று கூப்பிட்டிருந்தால், அது சமீர இல்லை என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த இடத்தைப் பிறகு நிரோ ஒரு தாளில் எனக்கு வரைந்து காட்டினாள். ஆறு அங்கே குதிரை லாடம்போல வளைகிறது. நாங்கள் நின்றது லாடத்தின் ஒரு காலில். சுமனபால வந்தது மறு காலில். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு சின்ன மேடுதான். குரல் அதைத் தாண்டி நேராகப் போய்விடும். அவரும் ஆற்றோரமாகச் சுற்றாமல் அந்த மேட்டில் ஏறிக் குறுக்கே வந்தார். லாடத்தின் தலைப்பக்கம் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

தலைப்பக்கத்தில், ஆற்றின் நடுவில், ஒரு கற்பாறை இருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் இருந்தார்கள்.

விடிந்தபோது

அன்றிரவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

விடிந்ததும் கயிறோடு வந்தவர்கள் நிரோவைக் கண்டார்கள். பாறை வெடிப்பில் கையை நுழைத்துப் பிடித்தபடி இருந்தாள். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய நாடியைப் பிடித்தேன். எண்ணத் தெரியவில்லை. கவுண்டரில் இத்தனை வருடம் நின்றவளுக்கு, சொந்தப் பிள்ளையின் நாடியை எண்ணத் தெரியவில்லை.

சமீர அந்தப் பாறையில் இல்லை. பிறகு கீழே, மிகக் கீழே, மரங்கள் சிக்கிக் கிடந்த ஒரு திருப்பத்தில் கிடைத்தான். அடையாளம் காட்டப் போனது அவன் அப்பா. இவரும் கூடப் போனார். சட்டைப் பையில் என் லேஞ்சி இருந்தது என்று திரும்பி வந்து சொன்னார். எதற்கு அதை என்னிடம் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். அவர் வேனைக் கழுவப் போய்விட்டார்.

நிரோ வார்ட்டில் வெகுநாள் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் பிற்பகல், நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, கூரையைப் பார்த்தபடி தானாகவே சொன்னாள்.

இரண்டு பேருக்கும் எங்கள் ஹூ கேட்டிருக்கிறது. அவர்களும் கூப்பிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் இரைந்ததால் அவர்களுடைய குரல் வெளியே போகவில்லை.

"எனக்கு உங்க குரல் எதுன்னு தெரியலம்மா. எல்லாம் ஒண்ணு போலதான் இருந்திச்சு. சமீரவுக்குத் தெரிஞ்சிச்சு. இது எங்க அப்பான்னு சொன்னான். சிரிச்சான்."

நான் தோலை உரித்துக்கொண்டே இருந்தேன்.

"வந்துடுவாரு, இப்ப வந்துடுவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அந்தக் குரல் கிட்ட வந்திச்சு. பிறகு தள்ளிப் போச்சு. தாண்டிப் போறாரு, நாங்க இங்க இருக்கிறது தெரியாமப் போறாருன்னு சொன்னான். நான் சட்டையப் பிடிச்சேன் அம்மா. பிடிச்சேன்."

அவளுடைய அப்பாவின் பதில்தான் சுமனபாலவை அந்த மேட்டில் ஏற்றி மறுபக்கம் இழுத்தது. நிரோவுக்கு அது தெரியும். யாரும் சொல்லாமலே தெரியும். தோடம்பழத்தை அவளுடைய வாயில் வைத்தேன். மென்றாள்.

தானத்துக்குப் போன அன்று

சமீர இறந்து மூன்றாம் மாதம் பிக்குகளுக்கு அன்னம் கொடுக்கும் தானத்துக்கு அவன் வீட்டில் அழைத்திருந்தார்கள். போவதா என்று நாங்கள் யோசித்தோம். நிரோதான், போகணும் என்றாள். ஊன்றுகோலோடு வேனில் ஏறினாள். மலைப்பாதையில் இவர் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தார். எதிரே ஹோர்ன் கேட்கும்போதெல்லாம் ஓரமாக நிறுத்தி, அந்த வண்டி கண்ணில் படும்வரை அடித்துக்கொண்டே இருந்தார். பஸ்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டிப் பைத்தியமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீடு சின்னது. சீமெந்துத் தரையில் பாய்கள். தேரர்கள் சாப்பிட்டுப் போனபின் எங்களுக்குச் சோறு பரிமாறினார்கள். சமீரவின் அம்மா நிரோவின் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் துண்டில் முள் எடுத்து அவளுடைய தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

சுமனபால எங்களை வாசலில் கதிரைகளில் உட்கார வைத்தார். கிட்டத்தில் பார்த்தால் இவரைவிட இளையவர். இவரிடம் சொன்னார், சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணா, அது அவன் குரல் இல்லன்னு எனக்குள்ள ஒண்ணு சொல்லிச்சு. குளிர்ல தொண்டை மாறியிருக்கும்னு நானே பதில் சொல்லிக்கிட்டேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அப்படித்தான்" என்றார்.

சுமனபால நிரோவின் பக்கம் திரும்பினார். ஒரு கேள்வி இருக்கிறது என்றார்.

"மகள், நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிச்சா?"

வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை என்று சொன்னால், தன்னந்தனியாகப் போன மகன். கேட்டது என்று சொன்னால், அடுத்த கேள்வி வரும். இதை வரும் வழியில் நாங்கள் மூன்று பேரும் பேசி வைத்திருக்க வேண்டும். பேசவில்லை.

"கேட்டிச்சு அங்கிள்" என்றாள் நிரோ. "கேட்ட உடனே உங்க குரல்தான்னு சொன்னான். சிரிச்சான்."

அவருடைய முகத்தில் ஏதோ இளகியது. வாயை மூடிக்கொண்டு பலமுறை தலையாட்டினார். உள்ளே இருந்த மனைவியைப் பார்த்து, "கேட்டிருக்கு" என்றார்.

பிறகு, "அதுக்கப்புறம்?" என்று கேட்டார்.

நிரோ என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஊசி போட வரும் தாதியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாளே, அப்படி.

"தண்ணி ஏறிடிச்சு. சட்டுன்னு" என்று நான் சொன்னேன்.

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. வேன்வரை வந்து வழியனுப்பினார். ஒரு பலாக்காயைச் சாக்கில் கட்டிப் பின்சீட்டில் வைத்தார். அது அவன் நட்ட மரம் என்றார்.

சுமனபாலவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதை நம்பித்தான் இதை எழுதினேன். இந்தப் பத்திரிகை அந்தப் பள்ளத்தாக்குக்குப் போவதும் இல்லை. ஆனாலும் யாராவது ஒருவர் ஒருநாள் அவரிடம் சொல்லக்கூடும். அதனால் அனுப்புவதற்கு முன் நிரோவிடம் கொடுத்து, வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

அவள் காலை ஸ்டூலில் நீட்டி வைத்து முழுவதையும் வாசித்தாள். கிழிக்கச் சொல்லவில்லை. சமீர பாறையிலிருந்து குதித்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை மட்டும் அடித்துவிடச் சொன்னாள்.

"குதிக்கலம்மா. எறங்கினான்."

காலால் கல்லைத் தடவிப் பார்த்துப் பார்த்து, அந்த ஆற்றைத் தெரிந்தவன் இறங்குவதுபோல மெதுவாக இறங்கினானாம். இடுப்புவரை தண்ணீர் வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லையாம். குரல் போன பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம்.